வாடும் அந்தூரியம்: வேரைப் பார்த்த பின்னரே வைத்தியம்



நெல்லும் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கும் உங்களுக்குப் பூச்சாடிச் செடியொன்றைப் பற்றி ஏன் எழுதுகின்றோம் என நீங்கள் வினவலாம். காரணம் இரண்டு உண்டு. இன்று உங்களுள் பலருடைய வீட்டு விறாந்தைகளில் அந்தூரியம் வளர்கின்றது. வீட்டுப் பெண்கள் தமது சேமிப்பைச் செலவிட்டு, மணவீட்டுக்கும் மண்டபத்துக்கும் பூக்கொடுத்துச் சிறு வருவாய் பெறலாமென்ற எண்ணத்துடன் அதனை வாங்குகின்றனர். அச்செடி வாடினால் அச்சேமிப்பும் வாடுகின்றது. இது முதற் காரணம். வாடும் அந்தூரியத்துக்கு நாம் செய்யும் தவறும், வாடும் மிளகாய்க்கு நாம் செய்யும் தவறும் ஒன்றே என்பது இரண்டாவது காரணம். சாடியிற் கற்கும் பாடம் தறைக்கும் பயன்படும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் ஊரொன்றில், வெங்காயம் விற்ற பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஓர் அம்மையார் மலைநாட்டுப் பக்கத்திலிருந்து இருபது அந்தூரியக் கன்றுகளை வரவழைத்தார். மாசி மாதத்தில் வந்த கன்றுகள் பசுமையாகவே இருந்தன. வைகாசி முடிவதற்குள் ஏழு கன்றுகள் இறந்துபோயின. மற்றவை தலைசாய்ந்து நின்றன. என்னை அழைப்பித்து, "தம்பி, காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகின்றேன். பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கின்றேன். பிறகும் ஏன் வாடுகின்றன?" என்று கேட்டார்.

இலைகள் மஞ்சளித்திருந்ததைக் கண்ட நான், செடிகளுக்கு ஊட்டம் போதாதென்று முடிவுசெய்தேன். சாடிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா இடும்படி கூறி வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சென்று பார்த்தபோது மேலும் மூன்று செடிகள் இறந்திருந்தன. அன்றுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஞ்சிய பத்துச் சாடிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வேரைப் பார்த்தேன். எட்டுச் சாடிகளில் வேர் பழுப்பேறி அழுகியிருந்தது. இரண்டில் மாத்திரம் வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தது. அவ்விரண்டும் வரிசையின் கடைசியில் தூணுக்குப் பின்னால் இருந்தவை. வாளி அங்கு வரும்போது பெரும்பாலும் நீர் தீர்ந்துவிடுமென்றும், அவற்றைத் தாம் சரியாகக் கவனிக்கவில்லையென்றும் அம்மையார் வருத்தத்துடன் சொன்னார். கவனிக்கப்படாத இரண்டுமே நலமாயிருந்தன.

அம்மையாரிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை. என்னிடம் படிப்புக் குறைவாக இருக்கவில்லை. இருவரும் இலையைப் பார்த்தோமே ஒழிய வேரைப் பார்க்கவில்லை. இந்தப் பிரசுரம் அத்தவறு உங்கள் வீட்டில் நிகழாதிருக்க எழுதப்படுகின்றது.

செடியின் பிறப்பிடமும் இயல்பும்

அந்தூரியம் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா, எக்குவடோர் ஆகிய நாடுகளின் மழைக்காடுகளுக்கு உரியது. எட்வார்ட் அந்திரே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1876ஆம் ஆண்டு கொலம்பியாவில் இதனைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நாம் வளர்க்கும் இனத்தின் தாவரவியற் பெயரும் அவர் பெயரைத் தழுவியதே.

இது சேம்பு, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. செந்நிறமாய்ப் பளபளக்கும் பகுதியை நாம் பூவென்கிறோம். உண்மையில் அது பூவிதழன்று, நிறம்பெற்ற ஒரு மடலே. நடுவில் வால்போல் நிமிர்ந்து நிற்கும் கதிரில் நெருக்கமாக அமைந்திருக்கும் மிகச் சிறிய புள்ளிகளே உண்மையான பூக்கள். ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். ஆதலால் ஓர் இலையை இழப்பது ஒரு பூவை இழப்பதற்கு ஒப்பாகும்.

பச்சைச் சேம்பை வாயிலிட்டால் நாவு அரிப்பதுபோல் அந்தூரியத்தின் இலையும் தண்டும் அரிக்கும் இயல்புடையன. சிறு குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் சாடிகளை வைத்தல் வேண்டும்.

கமக்காரர் முக்கியமாக அறியவேண்டியது இச்செடி காட்டில் வாழும் முறையாகும். அங்கு இது பெரும்பாலும் மரக்கிளைகளில் பற்றியும், உக்கிய இலைகளின் மேற்படையில் வேரோடியும் வளர்கின்றது. மழை அடிக்கடி பெய்யும். ஆனால் பெய்த நீர் வேரைக் கழுவிக்கொண்டு உடனே வடிந்துவிடும். காற்று எப்போதும் ஈரமாயிருக்கும். மேலே பெருமரங்களின் நிழல் இருக்கும். ஈரமான காற்று, வடியும் நீர், வடிகட்டிய வெளிச்சம் ஆகிய மூன்றுமே இச்செடி கேட்பவை.

எமது நாட்டில், ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் ஈரவலயத்தில் இவை ஓரளவு இயல்பாகவே கிடைக்கின்றன. 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக, அதுவும் பெரும்பாலும் மாரியில் மாத்திரம் மழைபெறும் உலர்வலயத்தில் அவற்றை நாமே அமைத்துக்கொடுக்க வேண்டும். நிழலையும் ஈரக்காற்றையும் அமைப்பதை விட்டு, வேருக்கு மாத்திரம் நீரை மேலும் மேலும் ஊற்றுவதே எங்கும் காணப்படும் பிழையாகும்.

நெல்லின் வேரும் அந்தூரியத்தின் வேரும்

வயலில் நீர் நிற்க நெல் செழிக்கின்றதே, செடிக்கு நீர் எவ்வாறு தீங்காகும் என்று சிலர் கேட்பதுண்டு. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் நுண்குழாய்கள் உள்ளன. இலை பெறும் காற்று அவற்றின் வழியாக நீருள் மூழ்கிய வேருக்குப் போய்ச் சேருகின்றது. அதனாற்றான் நெல் நீரில் நின்றும் மூச்சுவிடுகின்றது.

மிளகாய், கத்தரி, அந்தூரியம் ஆகியவற்றின் வேர் தன்னைச் சூழ்ந்துள்ள மண்ணின் இடைவெளிகளிலுள்ள காற்றையே பெறுகின்றது. அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பினால் வேர் மூச்சடைத்து இறக்கின்றது. இறந்த வேரில் அழுகலை உண்டாக்கும் பங்கசுகள் பற்றிப் பரவுகின்றன. வேர் அழுகியபின் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. சாடி நிறைய நீரிருந்தும் இலை நீரின்றி வாடும்.

இங்கேதான் நாம் ஏமாறுகின்றோம். நீர் குறைந்து வாடும் செடியும், நீர் மிகுந்து வாடும் செடியும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். இலை தொங்குவதைக் கண்டு மேலும் ஒரு வாளி ஊற்றுகின்றோம். முதல் வகைச் செடிக்கு அது மருந்து. இரண்டாம் வகைச் செடிக்கு அது நஞ்சு.

இலை காட்டும் குறிகள்

வேரைப் பார்ப்பதற்கு முன் இலைகளையும் கவனித்து, பின்வரும் குறிகளுள் எது பொருந்துகின்றது எனத் தீர்மானிக்க.

அடியிலுள்ள மூத்த இலை ஒன்று மாத்திரம் மெதுவாக மஞ்சளித்து உதிர்தல் முதுமையின் இயல்பு. அதற்கு மருந்து வேண்டியதில்லை.

பல இலைகள் ஒரே காலத்தில் மஞ்சளித்து, சாடியின் மண் ஈரமாயிருக்கும்போதே தொங்குமாயின் வேரழுகல் என ஐயுறுக. சாடி பாரமாயிருக்கும், மண்ணில் புளித்த நாற்றமும் வீசும்.

இலை தொங்கி, சாடி இலேசாகவும் மண் சாடியின் ஓரத்திலிருந்து விலகியும் இருக்குமாயின் அது நீர்க்குறைவு. இச்செடி நீர்பெற்ற ஒரு நாளுக்குள் நிமிரும்.

இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகுதல் வறண்ட காற்றாலோ, நீரிலும் பசளையிலுமுள்ள உப்பாலோ நேர்வது. சாடியின் வெளிப்புறத்தில் வெண்பூப்புப் படிந்திருப்பின் உப்பே காரணமெனக் கொள்ளலாம்.

புதிய இலைகள் நரம்புகள் பச்சையாயிருக்க இடைவெளி வெளிறித் தோன்றுதல், செடிக்கு இரும்புச்சத்துக் கிட்டாமையைக் காட்டும். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரை நெடுநாள் ஊற்றிய சாடிகளில் இது காணப்படும்.

இலையின் நடுவில் வெளிறிய அல்லது காய்ந்த திட்டுகள் தோன்றுதல் வெயிற் சூடு.

இலைக்காம்பு நீண்டு, இலை கடும்பச்சையாகச் செழித்துப் பூ வாராதிருத்தல், நிழல் மிகுந்ததையோ தழைச்சத்து மிகுந்ததையோ குறிக்கும்.

இலை விளிம்பில் நீர் ஊறியது போன்ற புள்ளிகள் தோன்றி, மஞ்சள் வளையம் சூழக் கருமையடையுமாயின் அது வேறு வகை. அதனைப் பற்றிப் பின்னர்த் தனியாகக் கூறுவோம்.

சாடியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தல்

வேரழுகலை ஐயுற்றால் தாமதிக்க வேண்டாம். வெயில் தாழ்ந்தபின் நிழலான இடத்தில் இவ்வேலையைச் செய்க. செடியின் அடியை இரு விரல்களுக்கிடையே பிடித்து, சாடியைக் கவிழ்த்து, அதன் விளிம்பை ஒரு கட்டையில் மெதுவாகத் தட்டினால் மண்கட்டியோடு செடி வெளிவரும். தண்டைப் பிடித்து இழுத்தலாகாது.

வாளி நீரில் வேரை மெதுவாக அலசுக. நல்ல வேர் தடித்து, வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ, அழுத்தினால் உறுதியாகவோ இருக்கும். கெட்ட வேர் பழுப்பாகவோ கருமையாகவோ குழைந்திருக்கும்; விரலால் உருவினால் மேற்றோல் கழன்று உள்ளே நூல்போன்ற நார் மாத்திரம் எஞ்சும்.

கெட்ட வேர் அனைத்தையும் நல்ல பகுதி தொடங்கும் இடம்வரை கூரிய கத்தியால் வெட்டியகற்றுக. வேர் மிகக் குறைந்துவிட்டதே என்று இரங்கி அழுகலை விட்டுவைத்தால், எஞ்சிய நல்ல வேரும் சில நாட்களில் அழியும். ஒரு செடியை முடித்து மற்றொன்றைத் தொடுமுன் கத்தியைத் தீயில் வாட்டுதல், அல்லது மதுசாரத்தால் துடைத்தல் வேண்டும்.

வேரின் பெரும்பகுதி போய்விட்டதாயின், எல்லா இலைகளையும் பூக்களையும் அது தாங்க மாட்டாது. பூக்களையும் மொட்டுகளையும் வெட்டிவிடுக. அடியிலுள்ள மூத்த இலைகளுள் இரண்டொன்றை நீக்கி, மேலுள்ள மூன்று நான்கு நல்ல இலைகளை விடுக. வெட்டுவாய்கள் உலரும்படி செடியை இரண்டு மூன்று மணிநேரம் நிழலில் வைத்தபின் நடலாம்.

சாடியும் கலவையும்

தோட்டத்துச் செம்மண்ணையோ வயற் களிமண்ணையோ சாடியிலிட்டு அந்தூரியத்தை நடுதலாகாது. அம்மையாரின் வீட்டில் நிகழ்ந்ததும் அதுவே. வெங்காயத்துக்குச் சிறந்த மண் சாடிக்குள் நாளும் நனையும்போது இறுகிவிடுகின்றது, வேருக்குக் காற்றில்லை.

எமது ஊர்களில் செலவின்றிக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நல்ல கலவை செய்யலாம்:

பெருவிரல் அளவாக நறுக்கிய பொச்சுமட்டைத் துண்டுகள், 2 பங்கு;
உடைத்த ஓடு அல்லது செங்கல், விறகுக்கரி ஆகியன கலந்து, 1 பங்கு;
நன்கு உக்கிய இலைக்கூட்டெரு, 1 பங்கு.

பொச்சுமட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடலோரக் களப்புகளில் ஊறவைத்த மட்டையிலும், அதிலிருந்து பெற்ற தும்புச் சோற்றிலும் உப்பு ஊறியிருக்கும். எம்மட்டையாயினும் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை கழுவியே பயன்படுத்துக. கழுவிய நீரை வாயிலிட்டுப் பார்த்தால் உப்புக் கரிக்கலாகாது.

மண்சாடி சிறந்தது, அதன் சுவர் வழியாகவும் காற்றுப் புகும். பிளாஸ்டிக் சாடியாயின் அடியிலும் பக்கங்களிலும் போதிய துளைகளிடுக. சாடி பெரிதாயிருப்பின் செடி பெரிதாகும் என்பது தவறான எண்ணம். வேர் குறைந்த செடியைப் பெருஞ்சாடியில் வைத்தால், வேர் எட்டாத கலவையில் நீர் தங்கி மீண்டும் அழுகல் தொடங்கும். எஞ்சிய வேரைச் சுற்றி ஓர் அங்குல இடைவெளி இருக்குமளவான சாடியே போதும்.

அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, செடியை நிறுத்தி, கலவையைத் தளர்வாக இட்டு நிரப்புக. புதிய இலை தோன்றும் குருத்து மூடப்படலாகாது. தண்டிலிருந்து தொங்கும் வேர்கள் கலவைக்குள் செல்லும்படி அமைக்கலாம். செடி ஆடினால் ஒரு குச்சி நாட்டிக் கட்டுக. மண்ணை மிதித்து இறுக்க வேண்டாம்.

நிழலும் காற்றும்

நேர்வெயில் ஆகாது, இருட்டறையும் ஆகாது. நண்பகலில் செடியிருக்கும் இடத்தில் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பார்க்க. கையின் நிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் மிகுதி. நிழலே தெரியாவிட்டால் வெளிச்சம் குறைவு. விளிம்பு மங்கலாகத் தெரியும் நிழலே தக்கது. வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய விறாந்தை பெரும்பாலும் பொருந்தும். முற்றத்திலாயின், நான்கு பங்கு வெயிலில் மூன்று பங்கைத் தடுக்குமாறு கிடுகுப் பந்தலிடுக.

வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை வீசும் சோழகக் காற்றே வடபகுதியில் இச்செடியின் பெரும்பகை. வெயிலைத் தடுத்தவர்களும் காற்றைத் தடுக்க மறந்துவிடுகின்றனர். தென்மேற்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கிடுகாலோ சாக்காலோ மறைப்பு அமைக்க. சாடிகளைத் தனித்தனியே வைக்காமல் கூட்டமாக வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். சாடிகளுக்குக் கீழே மணலைப் பரப்பி, செங்கற்களின் மேல் சாடிகளை நிறுத்தி, அம்மணலுக்கு நண்பகலில் நீர் தெளிக்க. நீர் மணலுக்கே அன்றிச் சாடிக்கன்று. செடியைச் சுற்றியுள்ள காற்று குளிரும், வேர் நனையாது.

நீர் ஊற்றும் முறை

"நாளுக்கு எத்தனை முறை?" என்பது பொருந்தாத கேள்வி. சாடி கேட்கும்போது ஊற்றுவதே முறை. சுட்டுவிரலைக் கலவைக்குள் ஓர் அங்குலம் செலுத்துக. ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால், சாடியின் அடித்துளைகளால் நீர் ஓடிவரும்வரை நன்றாக ஊற்றுக. அதன்பின் மீண்டும் விரல் உலர்வைக் காட்டும்வரை காத்திருக்க. நீர் ஊற்றியவுடன் சாடியைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் தூக்கிப் பாருங்கள். வெங்காயப் பிடியின் நிறையைக் கையாலே மதிக்கும் உங்களுக்கு, ஒரு வாரத்துள் சாடியின் பாரமே நீரின் அளவைச் சொல்லிவிடும். சோழகக் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வேண்டியிருக்கும் சாடிக்கு, மாரியில் ஒரு வாரத்துக்கும் வேண்டாதிருக்கலாம்.

சாடிக்கு அடியில் தட்டு வைப்போர் அதில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுதல் வேண்டும். தேங்கிய நீர் வேருக்குக் கேடு. டெங்கு நுளம்பு பெருகுதற்கும் அது இடமாகும்.

குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து நீர் பெறுகின்றன. கடலை அண்டிய இடங்களில் உவரும் சேரும். சிறிது புளிப்புத் தன்மையுள்ள கலவையையே விரும்பும் அந்தூரியத்துக்கு இந்நீர் நெடுநாள் ஒவ்வாது. ஆதலால் மாரியில் கூரை நீரைப் பீப்பாவிற் பிடித்து, நுளம்பு புகாதபடி இறுக மூடிச் சேமித்து வைக்க. இருபது சாடிகள்வரை வைத்திருக்கும் வீட்டுக்கு இது பெருங்காரியமன்று. மழைநீர் போதாதாயின் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுக. மாதத்துக்கு ஒருமுறையேனும் மழைநீர் மாத்திரம் தாராளமாக ஊற்றி, கலவையிற் படிந்த உப்பைக் கழுவிவிடுக.

பசளை

நோயாளிக்கு விருந்து வைப்பாரில்லை. வேர் வெட்டிய செடிக்குப் புதிய இலை ஒன்று விரியும்வரை எப்பசளையும் இடுதலாகாது. இதற்கு ஆறு தொடக்கம் எட்டு வாரம் செல்லலாம். நான் செய்த பிழை இதுவே. நலிந்த வேரின்மேல் யூரியாவை இட்டதால், உப்பு மிகுந்த அந்நீர் வேரின் ஈரத்தையே வெளியே இழுத்துவிட்டது.

புதிய இலை விரிந்தபின், தழை, மணி, சாம்பற் சத்துகள் மூன்றும் அடங்கிய கரையும் பசளையில் ஒரு தேக்கரண்டியைப் பத்து லீற்றர் நீரிற் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முன்னரே நனைந்திருக்கும் கலவைக்கு ஊற்றுக. அல்லது நன்கு உக்கிய மாட்டெருவை நீரில் ஊறவைத்து வடித்து, பத்து மடங்கு நீர் சேர்த்துப் பயன்படுத்துக. சிறிதளவாகப் பலமுறை கொடுப்பதே விதி.

வெண்மூட்டுப் பூச்சியும் செதிற்பூச்சியும் இலையின் அடிப்பக்கத்திற் காணப்படின், சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தலே சில சாடிகளுக்குப் போதுமானது.

அழித்தே தீரவேண்டிய நோய்

மேலே குறித்த நீரூறிய புள்ளிகளும் மஞ்சள் வளையமும் பற்றீரியா வெளிறல் நோயின் அறிகுறிகளாகும். சாந்தோமோனாஸ் என்னும் பற்றீரியா இதனை உண்டாக்குகின்றது. இலை விளிம்பால் நுழைந்து தண்டையும் அடைந்தபின் செடி முழுவதும் இறக்கும். 1889ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அந்தூரியத்தைக் கொண்டு பெருந்தொழிலை வளர்த்த ஹவாய்த் தீவுகளில், 1980களில் இந்நோய் பரவிப் பல தோட்டங்களை அழித்தது.

தண்டுவரை பரவிய செடிக்கு மருந்தில்லை. இரக்கம் பாராமல் செடியையும் கலவையையும் அகற்றி எரித்துவிடுக. நோய் நீர்த்துளி வழியாகவும் கத்தி வழியாகவும் கை வழியாகவும் பரவும். எனவே இலைமேல் நீர் தெளிக்காது அடியில் ஊற்றுக. பூவெட்டும் கத்தியைச் செடிக்குச் செடி துடைத்துக்கொள்க. புதிதாக வாங்கிய கன்றுகளை ஒரு மாதம்வரை தனியே வைத்துப் பார்த்தபின்னரே மற்றவற்றோடு சேர்க்க. அயலவர் கொடுத்த ஒரு நோய்க்கன்று இருபது செடிகளையும் கொண்டுபோகக்கூடும்.

வயதான செடியிலிருந்து புதுச்செடி

நலமான செடியும் ஆண்டுகள் செல்லத் தண்டு நீண்டு தள்ளாடும். அதன் மேற்பகுதியை, பக்கவேர்கள் இரண்டு மூன்று சேர்ந்து வரும்படி வெட்டிப் புதுச்சாடியில் நடலாம். எஞ்சிய அடித்தண்டை எறிந்துவிடாது, நிழலில் வைத்து அளவாக நீர் கொடுத்தால் பக்கக்கன்றுகள் தோன்றும். அவை வேர்விட்டபின் பிரித்து நடலாம். ஒரு செடியின் இழப்பு மற்றொன்றால் ஈடுசெய்யப்படுவதற்கு இதுவே வழி. ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை.

முடிவுரை

அம்மையாரின் பத்துச் செடிகளுள் வேரழுகிய எட்டையும் இம்முறைப்படி வெட்டி மாற்றி நட்டோம். அவற்றுள் இரண்டு இறந்தன. ஆறு பிழைத்தன. முதற் புதிய இலை ஆடியிற் கண்டது. முதற் பூ தையிலேதான் மலர்ந்தது. இடையிலே பலமுறை, ஒன்றும் நிகழவில்லையே என்று அவர் வருந்தினார். அக்காலத்தில் வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேரில் நடந்துகொண்டிருந்தது. இரண்டாண்டு கழித்து, எஞ்சிய எட்டுச் செடிகளின் தலைவெட்டுகளும் பக்கக்கன்றுகளும் சேர்ந்து அவர் விறாந்தையில் பதினான்கு சாடிகள் நின்றன. அவர் கற்றதை அவருடைய கணவர் தறையிற் பயன்படுத்தினார். அடுத்த மாரியில் மிளகாய் வாடியபோது, பசளைப் பையைத் தேடாமல் மண்வெட்டியை எடுத்து ஒரு செடியைக் கிளறி வேரைப் பார்த்தார். தேங்கிய நீருக்கு அன்றே வடிச்சல் வெட்டினார்.

நினைவிற் கொள்ளவேண்டியவை:

1. வாடிய செடிக்கு நீரோ பசளையோ இடுமுன் வேரைப் பார்க்க.
2. அழுகிய வேரை முழுவதும் வெட்டுக. சிறிய சாடியில், காற்றோடும் கலவையில் நடுக.
3. பொச்சுமட்டையைக் கழுவி உப்பை நீக்கியே பயன்படுத்துக.
4. விரல் உலர்வைக் காட்டும்போது மாத்திரம் நீர் ஊற்றுக. தட்டில் நீர் தேங்க விடாதீர்.
5. சோழகக் காற்றுக்கு மறைப்பிடுக. மழைநீரை மூடிச் சேமிக்க.
6. புதிய இலை விரியும்வரை பசளை வேண்டாம்.
7. மஞ்சள் வளையமுள்ள கரும்புள்ளி கண்ட செடியைத் தனியாக்கி, நோய் உறுதியாயின் எரிக்க.

ஐயமிருப்பின் நோயுற்ற இலையொன்றையும் வேர்த்துண்டொன்றையும் கடுதாசியிற் சுற்றி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக. இலையை மாத்திரம் கொண்டுவர வேண்டாம், வேரையும் கொண்டுவருக.